மல்பெரி மூலை

சைதாமா, கமினோஹரா
12 செப்டம்பர் 1987

அன்புள்ள தோமி அக்காவுக்கு,

புயல் ஒன்று வந்து போனது. கூரையில் இரண்டு ஓடுகள் பறந்ததைத் தவிர வீட்டுக்கும் எனக்கும் சேதமில்லை. அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? அங்கே இப்போது வசந்தம் பிறந்திருக்கும். நீ பிரேசிலுக்குப் போய் முப்பது வருஷமாகியும் இந்தத் தலைகீழ்ப் பருவம் எனக்குப் பிடிபடவில்லை.

சேதி ஒன்று, நல்ல சேதி. நம் மேட்டு நிலத்தை வீடு கட்டும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன். எட்டு வீடுகள் வரப்போகின்றன. சாலையோர மூலையில் வரும் வீடு மகள் கஸுயோவுக்கு. பேத்தி அயா ஏப்ரலில் பள்ளியில் சேர வேண்டும். அதற்குள் வீடு முடிந்தால் மூன்று பேரும் இங்கே வந்துவிடுவார்கள். முடியாவிட்டால் டோக்கியோவிலேயே பள்ளியில் போட்டுவிடுவார்களாம், பிறகு ஆறு வருஷத்துக்கு அசையமாட்டார்களாம். மாப்பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டார். என் உமே கண்ணை மூடியதிலிருந்து ஒரே ஆளுக்கு அரிசி களைந்து எனக்கு அலுத்துவிட்டது, அக்கா. எப்படியாவது ஏப்ரலுக்குள் வீடு வந்தாக வேண்டும்.

நடுவில் ஒரு தொல்லை. நகராட்சி வரைபடத்தில் நம் மேட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, பழங்கால மனிதர்கள் வாழ்ந்த இடம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் அவர்கள் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டுமாம். ஏதாவது தென்பட்டால் முழுக்கத் தோண்டி முடிக்கும்வரை கட்டக் கூடாதாம். சுகாயா என்று கண்ணாடி போட்ட ஆபீசர் ஒருவர் வந்தார்.

"இங்க என்ன பயிர் வெச்சிருந்தீங்க?"

"கோபோ வேருதான்."

"மெஷின் ஓட்டினீங்களா?"

"ஓட்டாம என்ன? இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டியாச்சு."

அந்த மெஷின் நீ போன பிறகு வந்தது. கோபோ வேர் நேராக இறங்கட்டும் என்று இடுப்பளவு ஆழத்துக்கு மண்ணை வரிவரியாகக் கிழித்துப் பொடியாக்கிவிடும். அது ஓடிய இடத்தில் பழங்காலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆபீசரின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அடுத்த மாதம் மூன்று இடத்தில் வெட்டிப் பார்ப்பார்களாம், பார்த்துக்கொள்ளட்டும்.

குளிர்காற்றில் வெளியே நிற்காதே.

உன் தம்பி
தொகுஜி

*

மொஜி, பிரேசில்
1 அக்டோபர்

தம்பி தொகுஜிக்கு,

உன் கூரை ஓடுகளை உடனே மாற்று, மழைக்குக் காத்திருக்காதே. அத்தானுடைய முதுகு மரம் கவாத்து செய்யும் நாளில் மட்டும் வலிக்கிறது, மீன் பிடிக்கப் போகும் நாளில் வலிப்பதில்லை. மற்றபடி சுகம்.

கஸுயோ பக்கத்திலேயே வரப்போகிறாள் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன், இந்த வயதில் எவ்வளவு குதிக்க முடியுமோ அவ்வளவு. அயாவின் படம் ஒன்று அனுப்பு.

ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை என்றாயே, சாலையோர மூலையில் மல்பெரி அல்லவா நின்றது? பட்டுப்புழுவுக்கு இலை பறித்தே என் சின்ன வயது போயிற்று. அங்கே பானை ஓடு காலைக் குத்தாத நாள் உண்டா? கறுப்புக் கண்ணாடிக் கல்லில் செதுக்கிய அம்புமுனை ஒன்று அங்கேதான் எடுத்தேன், இன்னும் என் தையல் பெட்டியில் கிடக்கிறது. மல்பெரியை எப்போது எடுத்தாய்? எடுத்த பிறகு அங்கேயும் மெஷின் ஓட்டினாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
தோமி

*

கமினோஹரா
16 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி. இங்கே காக்கிப் பழம் பழுத்துத் தொங்குகிறது, பாதி காகத்துக்குப் போகிறது.

சோதனைக் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். வெட்டுகிறவர்கள் பெரிய படிப்பாளிகள் இல்லை. சுற்றுவட்டாரத்து விவசாயிக் குடும்பத்துப் பெண்கள் ஆறு பேர், காதை மூடும் துணித்தொப்பியும் கையுறையுமாக வந்து இறங்கினார்கள். மண் அள்ளும் மெஷின் மேல்மண்ணை எடுத்ததும், நீளக் கைப்பிடி போட்ட சுரண்டியால் அடிமண்ணைச் சீவுகிறார்கள். அடியில் இருப்பது சிவப்பு மண். பழங்காலத்து ஆள் குழி தோண்டியிருந்தால் சிவப்பில் கறுப்பு வட்டமாகத் தெரியுமாம். நம் நிலத்தில் தெரிந்ததெல்லாம் கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று கோடு போட்ட துணி மாதிரிதான்.

பத்து மணித் தேநீர் நிலத்துக்காரன் கொடுப்பதுதானே மரியாதை. கெட்டிலும், மிசோ விழுதில் ஊறிய கோபோ ஊறுகாயும் கொண்டுபோனேன். அவர்களுக்குத் தலைவி நெகிஷி அம்மாள், ஐம்பத்து நாலு வயது, புருஷன் இல்லை. ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களே போட்டதா?"

"ஆமாங்க."

"உப்பு ஜாஸ்தி. ஆனா கம்பெனிக்காரன் குடுத்த பிஸ்கட்டுக்கு இது தேவலை."

மறுநாள் வேறு ஜாடியைத் திறந்து கொண்டுபோனேன். மூன்று துண்டு தின்றார். மூன்று தின்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்று பக்கத்துப் பெண் சொன்னாள். நாலாம் நாள் நெகிஷி அம்மாள் குழிக்குள் நின்றுகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு மூலையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா, மனுஷா? இப்படியா நூடுல்ஸ் மாதிரி அறுத்துப் போடுவீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அயாவின் படம் இதனுடன் வைத்திருக்கிறேன்.

தம்பி
தொகுஜி

*

மொஜி
29 அக்டோபர்

தம்பிக்கு,

படம் வந்தது. அயாவுக்கு உமேயின் நெற்றி. சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன், ஈரம் படாத பக்கம். இங்கே எல்லோரும் நலம்.

நான் ஒரு வரி கேட்டேன், நீ மூன்று பக்கம் எழுதி அந்த ஒரு வரிக்கு மட்டும் டிமிக்கி கொடுத்துவிட்டாய். வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, நெகிஷி அம்மாளைப் பற்றி முக்கால்வாசி. உமேயைப் பெண் பார்க்கப் போய்வந்தபோதுகூட நீ, "பொண்ணு உயரமா இருக்கா" என்று ஒரே வாக்கியம்தான் சொன்னாய்.

சரி, நேராகவே கேட்கிறேன். அந்த மூலையில் மெஷின் ஓடவில்லை, இல்லையா? நான் ஆபீசர் இல்லை, உன் அக்கா. என்னிடம் சொல்வதற்கு என்ன?

அக்கா
தோமி

*

கமினோஹரா
6 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள்ளேயே இதை எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, பசிதான் கொஞ்சம் மந்தம்.

முடிவு வந்துவிட்டது. எதுவும் மிஞ்சவில்லை, கட்டலாம் என்று சுகாயா எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்தைந்தாம் தேதி கம்பெனியின் மெஷின்கள் வருகின்றன. முதலில் சாலையோர மூலை. கஸுயோ போனில் குழந்தை மாதிரி கத்தினாள். அயா இந்த ஊர்ப் பள்ளிப் பாட்டைக் கற்றுக்கொள்கிறாளாம்.

போன வாரம் அடுத்த ஊர்ப் பக்கம் ஒரு வேலையாகச் சைக்கிளில் போனேன். வழியில் நெகிஷி அம்மாளின் ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கையில் தற்செயலாக ஒரு ஜாடி ஊறுகாய் இருந்தது.

"எட்டு கிலோமீட்டர் தற்செயலா?" என்று கேட்டார்.

பிறகு குழிக்குள் இறங்கச் சொல்லிக் காட்டினார். வட்டமாக ஒரு வீட்டுத் தரை. நடுவில் கற்களை அடுக்கிய அடுப்பு, நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது. அடுப்பைச் சுற்றித் தரை வழவழவென்று இறுகியிருந்தது. ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகியதாம்.

"இந்தப் பக்கத்துல மட்டும் ரொம்ப இறுகியிருக்கு பாருங்க," என்றார். "எப்பவும் இங்கயே உக்காந்தவ ஒருத்தி இருந்திருக்கா. புள்ளைங்களுக்குச் சோறு போட்டவ. பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன், இன்னும் இதப் பாத்தா சுரண்டியக் கீழ வெச்சுடறேன். ஒங்க மேட்டுலயும் இப்படி இருந்திருக்கணும். போச்சு. விடுங்க, ஊறுகாய எடுங்க."

நான் தரையைத் தொட்டுப் பார்த்தேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

தொகுஜி

*

கமினோஹரா
27 நவம்பர்

அக்கா,

அத்தானையும் உன்னையும் விசாரித்து எழுத வேண்டும், அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். மூலையில் மெஷின் ஓடவில்லை. மல்பெரியைப் போன வருஷம்தான் வேரோடு பிடுங்கினேன், மேலே புல் விதைத்துவிட்டேன். உன் கடிதம் வந்ததும் படித்து மேசை இழுப்பறையில் போட்டேன். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இழுப்பறை என்னையே பார்ப்பது போல இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி நகராட்சிக் கிடங்குக்குப் போனேன். சுகாயா இல்லை. நெகிஷி அம்மாள் வாசலில் உட்கார்ந்து பானை ஓடுகளைப் பல்துலக்கும் பிரஷால் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மகள் வர வேண்டும் என்பதற்காகத்தான் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பிரஷை வாளியில் போட்டார்.

"நாலு நாள் ஒங்க கையால டீ குடிச்சோம்."

"ஆமாங்க."

"அந்த மூலைக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் கெட்டிலை வெச்சீங்க. அப்பதான் மூஞ்சில வெயில் அடிக்காதுன்னு சொன்னீங்க!"

"ஆமாங்க."

"சீ! போங்க. ஆபீசர்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே நின்னு சொல்லணும்."

சொன்னேன். சுகாயா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. மறுநாளே மூலையை வெட்டினார்கள். அரை நாளில் சிவப்பு மண்ணில் கறுப்பு வட்டங்கள் நாலு, ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. பார்த்த பெண்கள் கைதட்டினார்கள். பிப்ரவரி கடைசி வரை தோண்ட வேண்டுமாம். கம்பெனிக்காரர்கள் என்னைத் திட்டிவிட்டு மற்ற ஏழு வீடுகளுக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். கஸுயோவின் வீடு ஏப்ரலில் இல்லை.

கஸுயோவிடம் போனில் சொன்னேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

நேற்றுப் பத்து மணிக்குக் கெட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். அப்படியே ஆறித் திரும்பி வந்தது. ஊறுகாய் டப்பாவின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை.

தொகுஜி

*

மொஜி
10 டிசம்பர்

தம்பி தொகுஜிக்கு,

நாங்கள் இருவரும் நலம், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. உன் கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கெட்டில் திரும்பி வந்த இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம், அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மகள் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லலாம்தான். அந்தப் பொய்யின் மேல் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, தினமும் அந்த வாசலைத் தாண்டி நடக்க உன்னால் முடிந்திருக்காது.

இனி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் முகத்தைத் தொங்கப்போடாதே. அங்கே ஆள் பற்றாக்குறை இருக்கும், குளிர்காலத்தில் எப்போதும் இருக்கும். சுரண்டியைக் கையில் எடு. நாற்பது வருஷம் அந்த மண்ணை வெட்டியவன் நீ. உனக்கு வேறென்ன வேலை?

கஸுயோவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

அக்கா
தோமி

*

கமினோஹரா
23 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து அட்டைகூட அனுப்பாமல் இருந்துவிட்டேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, இதுவரை இப்படிச் செய்ததில்லை, மன்னித்துக்கொள். கை வெடித்துப் பேனா பிடிக்க முடியவில்லை. உடம்பு மட்டும் கல் மாதிரி இருக்கிறது.

நீ சொன்னபடியே கூலியாளாகச் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் நெகிஷி அம்மாள் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "ஊறுகாய்க்காரரே, நீங்க மண்ணு சுமங்க" என்றார். மூன்று வாரம் மண் சுமந்தேன். அகாகி மலைக் காற்று அடிக்கும், குழிமேல் போட்ட நீலப் படுதா பறக்கும், நான் பின்னால் ஓடுவேன், அவர்கள் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள், "சீவத் தெரியுமா?" என்று சுரண்டியை நீட்டினார். சீவினேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நாப்பது வருஷமா என் மண்ணுங்க இது."

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லல? மூணு வாரத்துல ஒங்க மண்வண்டி ரெண்டு தடவ என் கால்ல ஏறுச்சு!"

அன்றைக்கு ஊறுகாய் டப்பாவின் மூடி திறந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர் மக்களுக்குத் திறந்து காட்டினோம். இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். நாலு வீடுகள், நாலு அடுப்பு, கயிற்றுத் தடம் பதிந்த பானைகள். எனக்குத் தலையில் ஹெல்மெட் போட்டு இரண்டாம் வீட்டுக்கு விளக்கம் சொல்ல நிறுத்திவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் கேட்டார்: "மேடு பூரா நாசமாப் போச்சுன்னாங்களே, இது மட்டும் எப்படிப்பா தப்பிச்சுது?"

நெகிஷி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, குனிந்து வணங்கி, இருநூறு பேருக்கும் கேட்கும்படி உள்ளதைச் சொன்னேன். பிறகு பின்னால் இருந்து ஒரு குரல்.

"அப்பா! எனக்குப் புது வீடு வேணும்னு யாரு சொன்னா?"

கஸுயோ, அயாவைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் உளறினேன். "பழைய வீடு... குளிரும்... நீங்கல்லாம் டோக்கியோக்காரங்க..."

"தனி வீடு கட்டறேன்னீங்க. எங்களோட இருக்க ஒங்களுக்குப் பிடிக்கலன்னுதான நான் நெனச்சேன்! அவரும் அதேதான் நெனச்சாரு. அத்தை எழுதலன்னா இன்னும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்திருப்போம்."

கூட்டத்துக்கு நடுவில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நெகிஷி அம்மாள் எல்லோரையும் மூன்றாம் வீட்டுக்கு விரட்டினார். ஏப்ரல் முதல் வாரம் வருகிறார்கள், நம் பழைய வீட்டுக்கே. பட்டுப்புழு வளர்த்த மாடியை மாப்பிள்ளை அயாவுக்கு அறையாக்கப்போகிறார்.

நீ கஸுயோவுக்கு என்ன எழுதினாய் என்று இப்போது புரிகிறது. நன்றி, அக்கா.

தொகுஜி

*

கமினோஹரா
18 ஏப்ரல்

பெருமதிப்பிற்குரிய தோமி அம்மாளுக்கு,

முன்பின் தெரியாத நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே செர்ரிப் பூ உதிர்ந்துவிட்டது, உங்கள் குடும்பத்தார் எல்லோரும் சுகம். அயா பள்ளிக்குப் போகிறாள், பழைய வீட்டில் காலையில் ஐந்து பேர் சாப்பிடும் சத்தம் தெருவரை கேட்கிறது. அந்த ஐந்தாவது ஆள், வாரத்தில் சில நாள், நான்.

உங்கள் தம்பி இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதினார். எடுத்துப் பார்த்தால் முழுக்க மழையைப் பற்றி இருந்தது. அதனால் பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். கடைசிக் குழியை மூடுவதற்கு முன்னால், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டார். "எனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியலைங்க. அந்தப் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்களேன்" என்றார், தோண்டிய இரண்டாம் வீட்டின் அடுப்பருகே இறுகியிருந்த தரையைக் காட்டி. நான் அப்போதே பதில் சொல்லவில்லை. ஊறுகாயை நம்பலாம், ஆளை நம்பலாமா என்பதுதான் என் யோசனை.

உங்களிடம் வெட்கமில்லாமல் கேட்கிறேன். அவரைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இவர் இதுபோல வேறு என்னென்ன சொல்லியிருக்கிறார்? மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகு அவருக்கு என் பதிலைச் சொல்லப்போகிறேன்.

தங்கள்
நெகிஷி மாத்சு

*

மொஜி
30 ஏப்ரல்

அன்புத் தங்கை மாத்சுவுக்கு,

இங்கே காக்கிப் பழ அறுவடை. நான் கூடையைப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், அத்தான் மட்டும் ஏணியில் நிற்கிறார்.

என் தம்பி பிறந்ததிலிருந்து மொத்தம் மூன்று பொய் சொல்லியிருக்கிறான். ஆறு வயதில் என் பங்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு நாய் தின்றது என்றான். பன்னிரண்டு வயதில் பள்ளி டாக்டரிடம் வயிற்றுவலி என்றான். மூன்றாவது உனக்குத் தெரியும். மூன்றையும் யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை, அவனாகவே வந்து சொன்னான். கிழங்கு ஒரு ராத்திரி தாங்கியது, வயிற்றுவலி மூன்று நாள் தாங்கியது. உங்கள் மூலைதான் ரொம்ப நீளம், பத்து வாரம் போயிற்று. வயதாகிவிட்டது, பாவம்.

பத்து வாரம் பொறுக்க முடியுமென்றால் அவனைக் கட்டிக்கொள். கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் விமானத்தில் வருகிறோம், டிக்கெட்டுக்குச் சொல்லியாயிற்று.

உன் அக்கா
தோமி